கேட் ரூம் கம்ப்யூட்டர் காட்டிய மணி

இரண்டு வருடத்துக்கு முந்தைய வைகாசி மாதம். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அந்த ஒரு நாளுக்குப் பிறகும் என்னை வேலையில் வைத்திருக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

அதற்கு முன்னால் சாத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஏழு வருடம் பாடம் எடுத்தேன். சென்டரை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தேன். வந்த முதல் நாளே வாட்ச்மேன் அண்ணன் "டீச்சர்" என்று கூப்பிட்டார். அதன்பிறகு முதலாளி உட்பட எல்லோருக்கும் நான் டீச்சர்தான். மறைக்காமல் சொன்னால், எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது. யாராவது கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்று கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்த எனக்குத் தெரியாது.

எங்கள் கம்பெனியில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று ஆபீஸில், என் மேஜையில். இன்னொன்று வாசலில் இருக்கும் கேட் ரூமில். அந்தக் கேட் ரூம் கம்ப்யூட்டர் அரதப் பழசு. வாரத்துக்கு ஒரு தடவை வைரஸ் பிடித்துப் படுத்துக்கொள்ளும். நான்தான் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். கூடவே, குடோனிலிருந்து போகும் பட்டாசு மருந்துச் சீட்டும், கேட்டுக்கு வரும் வண்டிச் சீட்டும் பதிய ஒரு சின்ன புரோகிராமும் எழுதிக் கொடுத்தேன். எந்த மருந்து, எவ்வளவு, யாரிடம் கொடுத்தது என்று பதிந்தால் போதும். தேதியும் மணியும் தானாக ஏறிக்கொள்ளும். அதுவரை அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்தார்கள். நான் நோட்டை நிறுத்தச் சொன்னேன். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று முதலாளியிடம் ஒரு பிரசங்கமே செய்தேன். அவரும் தலையாட்டினார்.

பட்டாசு வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெடிகளுக்கும் வாணங்களுக்கும் போடுகிற ரசாயனப் பொடியைத்தான் நாங்கள் மருந்து என்போம். அந்த மருந்தைக் கலக்குவது விடிகாலை வேலை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். சூடு ஏற ஏற ஆபத்தும் ஏறும். எங்கள் கம்பெனியில் காலை ஆறு மணிவாக்கில் மருந்து வெளியே வரும், ஏழரைக்குள் கலவை முடிந்துவிடும், அதற்குமேல் ஒரு டப்பாவும் திறக்காது.

இதற்கெல்லாம் பொறுப்பு எங்கள் போர்மேன். போர்மேன் என்றதும் ஆம்பளை என்று நினைத்துவிடாதீர்கள். அச்சங்குளத்திலிருந்து வரும் ஓர் அக்கா. குழாயில் மருந்து அடைக்கும் வேலையில் ஆரம்பித்து, பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதிப் போர்மேன் அட்டை வாங்கியவர். போட்டோ ஒட்டிய அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பார். வேலை முடிந்து வேனில் ஏறும்போதுகூடக் கழற்ற மாட்டார். காலையில் முதல் வேனில் வந்து, கேட் ரூம் கம்ப்யூட்டரைப் போட்டு, சீட்டைப் பதிந்துவிட்டுத்தான் குடோனைத் திறப்பார்.

அந்த வைகாசியில் கேட் ரூம் கம்ப்யூட்டருக்கு ஒரு புது வியாதி வந்தது. தினமும் காலையில் ஆன் செய்ததும், மணி தெரியவில்லை, தேதி தெரியவில்லை என்று கறுப்புத் திரையில் எழுதிக்காட்டி நின்றுவிடும். எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. உள்ளே போர்டில் பொத்தான் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோது மணியை மறக்காமல் வைத்திருப்பது அதுதான். அது செத்துவிட்டது. வேறு இடமாக இருந்தால் இது பெரிய தொல்லை இல்லை, கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். எங்கள் கம்பெனியிலோ சாயங்காலம் வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார்கள். பாதுகாப்புக்காக அப்படி ஒரு வழக்கம். அதனால் கம்ப்யூட்டருக்குத் தினமும் காலையில் மணி மறந்துபோகும்.

பேட்டரி வாங்கி மாற்றியிருக்கலாம். பத்து நிமிட வேலை. சீசன் ஆர்டர் குவிந்து கிடந்த நேரம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கேட் ரூம் சுவரில் ஒட்டினேன். 'எஃப் ஒன் பட்டனை அழுத்தவும். தேதி போடவும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி போடவும்.' கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டேன், சென்டரில் கரும்பலகையில் இழுப்பது போல. அக்கா ஒரே தடவையில் பழகிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, நான் காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்கும்போது அக்கா கேட்டருகே நின்றார்.

"டீச்சர், இங்கன ஒரு நிமிசம் வாங்க. காலைல இந்தப் பெட்டில மணி தப்பாக் காட்டுது. நான் ஆறுன்னுதான் போட்டேன், அது பதினொன்னு, பன்னெண்டுங்குது."

நான் முதலில் போய் ஆபீஸைத் திறந்தேன். சாவி என்னிடம்தான் இருக்கும். இன்டர்நெட் பெட்டியும் ஆபீஸுக்குள்தான். அதைப் போட்டுவிட்டு, ஹேண்ட்பேக்கை வைத்துவிட்டு, கேட் ரூமுக்குத் திரும்பி வந்து பார்த்தேன். மணி ஒன்பது பத்து. சுவரிலும் ஒன்பது பத்து. சரியாக இருக்கிறதே என்றேன். அக்கா குனிந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு தடவையும் இதே கதை. அவர் சொல்வார், நான் ஆபீஸைத் திறந்துவிட்டு வந்து பார்ப்பேன், மணி சரியாக இருக்கும். நாலாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. வாட்ச்மேன் அண்ணனும் வேன் டிரைவரும் நிற்கும்போதே சொன்னேன்: "அக்கா, சாத்தூர்ல கண் ஆஸ்பத்திரி இருக்கு. ஒரு நடை போயிட்டு வந்துருங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் லேசாகச் சிரித்தார். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தியோடு இருந்தேன்.

சுவரில் அட்டை ஒட்டி மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு நாள் பதினோரு மணிக்கு ஆய்வுக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். எல்லாக் கம்பெனிக்கும் வருவதுதான். ஷெட்டுகளைச் சுற்றிப் பார்த்தார்கள், மணல் வாளி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியில் ஆபீஸில் வந்து உட்கார்ந்து, மருந்து வெளியே போன கணக்கைக் கேட்டார்கள். நான் பெருமையாக, முந்தின நாள் வரைக்குமான கேட் ரூம் மருந்துப் பதிவுகளை எடுத்து, மணி வாரியாக வரிசைப்படுத்தி, பிரின்ட் போட்டுக் கொடுத்தேன்.

மூத்த அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார்.

"என்னம்மா இது? பதினொன்னு நாற்பது, பதினொன்னு ஐம்பத்தஞ்சு, பன்னெண்டு பதினெட்டு, பன்னெண்டே முக்கால். தினமும் உச்சி வெயில்லயா மருந்து கலக்குறீங்க?"

போன மாதத்துப் பக்கங்களில் எல்லாச் சீட்டும் ஆறு மணி, ஏழு மணி. இந்த மூன்று வாரம் மட்டும் உச்சிப் பொழுது. சீசன் ஆர்டருக்காகத் திருட்டுத்தனமாக நேரம் மாற்றிக் கலக்குகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அவர் கேட்டார்: "இந்த மணியை நீங்க கையால போடுறீங்களா?"

அந்த இடத்தில் நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும். "இல்ல சார். தானா ஏறும். லினக்ஸ் சார், யாரும் கைவைக்க முடியாது" என்றேன். அவ்வளவு கர்வம். என் புரோகிராமைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்த அக்காவைப் பள்ளத்தில் தள்ளிவிட்டேன்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் விடிகாலையில்தான் கலக்கினோம், பெட்டிதான் தப்பாகக் காட்டுகிறது என்று சொன்னார். தானாக ஏறும் என்று நான் அடித்துச் சொன்ன பிறகு அது எடுபடவில்லை. சாட்சிக்கு ஆள் இருக்கிறதா என்றார்கள். வேலையாட்களைக் கேட்டார்கள். வெயில் ஏறுமுன்னே முடிச்சிட்டோம் என்று எல்லோரும் சொன்னார்கள். சரியாக எத்தனை மணி என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் செல்போன் கொண்டுபோக முடியாது, வாட்ச் கட்ட முடியாது. எல்லாம் கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே அத்தனை பேர் இருந்தும் ஒருவர் கையிலும் மணி கிடையாது. கேட் ரூம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த வாட்ச்மேன் அண்ணன் மட்டும் ஆறு மணி என்றார். கம்பெனி ஆட்கள் கம்பெனிக்குச் சாதகமாகத்தான் சொல்வார்கள் என்று இளைய அதிகாரி சொல்லிவிட்டார். நோட்டு எங்கே என்று கேட்டார்கள். நோட்டை நான்தான் நிறுத்தியிருந்தேனே!

பக்கத்தில் இன்னொரு கம்பெனிக்குப் போக வேண்டும், மூன்று மணிக்குத் திரும்பி வருவோம், அதற்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் கம்பெனியைப் பூட்டி சீல் வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

முதலாளி நல்ல மனிதர். ஆனால் சீசன் நேரத்தில் கம்பெனிக்கு சீல் என்றால் அவருக்கும் கை கால் ஓடாது, எங்கள் எல்லோருக்கும் வேலை இருக்காது. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், நிர்வாகத்துக்குத் தெரியாம போர்மேனே தன் இஷ்டத்துக்குச் செஞ்சதுன்னு ஒரு லெட்டர் அடிங்க. அந்தம்மாகிட்ட நான் பேசிக் கையெழுத்து வாங்கிக்கிடுதேன். வேற வழி தெரியல."

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அக்காவின் அட்டை போய்விடும். அட்டை போனால், இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் அவரைப் போர்மேனாகச் சேர்க்காது. உச்சி வெயிலில் மருந்து கலக்கியவள் என்ற பேரோடு குழாய் அடைக்கும் வேலைக்குக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். கேட் ரூம் வாசலில் கிடந்த பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். தூக்குவாளி திறக்காமல் பக்கத்தில் இருந்தது. எழுந்து போய், ஏதாவது சாப்பிடுங்களேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர், பதினேழு வருசமா இந்த மருந்தோட கிடக்கேன். வெயிலேறுன பெறகு ஒரு நாளு ஒரு டப்பா தொறந்ததில்ல. அந்தப் பெட்டி தப்பாக் காட்டுதுன்னு உங்ககிட்ட நாலு தடவ சொன்னேன்லா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னார். அந்த நிமிடம்கூட, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மனதின் ஒரு மூலையில் 'கம்ப்யூட்டர் எப்படித் தப்பாகும், இந்த அக்காதான் ஏதோ மறைக்கிறார்' என்று ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது.

ஆபீஸுக்கு வந்து கடிதத்தை அடிக்க ஆரம்பித்தேன். 'கீழ்க்கண்ட சீட்டுகளை' என்று எழுதியதும், சீட்டு எண்களை வரிசையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதிகாரிகளுக்கு நான் கொடுத்தது மணி வாரியான வரிசை. இப்போது எண் வாரியாக வரிசைப்படுத்தினேன். முந்தின நாள் பதிவுகள் திரையில் வந்தன. சீட்டு எண் ஒன்று, பதினொன்று நாற்பது. இரண்டு, பதினொன்று ஐம்பத்தைந்து. மூன்று, பன்னிரண்டு பதினெட்டு. நாலு, பன்னிரண்டே முக்கால். ஐந்து, காகிதக் குழாய் ஏற்றி வந்த வேனுக்கு வாட்ச்மேன் பதிந்தது. மணி ஒன்பது பன்னிரண்டு.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். எண் மேலே போகிறது, மணி கீழே வருகிறது. மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு நாலாவது சீட்டைப் போட்ட கம்ப்யூட்டர், அன்றைக்கே காலை ஒன்பதுக்கு ஐந்தாவது சீட்டைப் போட்டிருக்கிறது! அதற்கு முந்தின நாளைப் பார்த்தேன். அப்படியே. அதற்கும் முந்தின நாள். அப்படியே. மூன்று வாரமும் ஒரு நாள் தப்பாமல், ஒன்பது மணி தாண்டியதும் மணி பின்னால் குதித்திருந்தது.

ஒன்பது மணிக்கு என்ன நடக்கிறது? நான் வருகிறேன். ஆபீஸைத் திறக்கிறேன். நெட் பெட்டியைப் போடுகிறேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினொன்று நாற்பதிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தேன். ஆறு பத்து. பன்னிரண்டே முக்காலில் கழித்தேன். ஏழே கால். சென்டரில் வருடா வருடம் நான் நடத்திய பாடம் அது. கம்ப்யூட்டருக்குள் இரண்டு கடிகாரம் உண்டு. ஒன்று போர்டில் பேட்டரியில் ஓடுவது. இன்னொன்று, ஆன் ஆனபிறகு லினக்ஸ் ஓட்டுவது. ஆன் ஆகும்போது லினக்ஸ் போர்டுக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் மணி எடுத்துக்கொள்ளும். ஆனால் அங்கே இருப்பது உலகப் பொது நேரம் என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். நம்முடைய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதனால் தானாக ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஆறு பத்து என்று நம் நேரத்தைப் போட்டிருக்கிறார். அது அதற்குமேல் கூட்டிப் பதினொன்று நாற்பது ஆக்கியிருக்கிறது. ஒன்பது மணிக்கு நான் நெட்டைப் போட்டதும், அது வெளியே சரியான மணியைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான் நான் கேட் ரூமுக்குப் போய் வீறாப்பாகப் பார்த்திருக்கிறேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி போடச் சொன்னது யார்? நான். கோடு வேறு இழுத்திருந்தேன்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கேட் ரூமுக்கு ஓடினேன். கம்ப்யூட்டரை அணைத்து, வயரைப் பிடுங்கினேன். நெட் வயரையும் பிடுங்கினேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டேன். கறுப்புத் திரை மணி கேட்டது. சுவரில் ஒன்றே முக்கால். அதையே போட்டேன். லினக்ஸ் எழுந்ததும் மூலையில் மணி வந்தது: ராத்திரி ஏழே கால். கட்டளைத் திரையைத் திறந்து timedatectl என்று அடித்துப் பார்த்தேன். நேர மண்டலம் கொல்கத்தா, சரி. போர்டுக் கடிகாரம் ஒன்றே முக்கால், அதைப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. நான் நினைத்தது அப்படியே கண்ணெதிரே இருந்தது. "அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் அண்ணன் தீ பிடித்துவிட்டதோ என்று மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. முதலாளி கையில் அந்தக் கடிதம் இருந்தது. நான் பாதியில் விட்டதை அவரே ஒரு மாதிரி முடித்துப் பிரின்ட் எடுத்திருந்தார். நான் குறுக்கே போய் நின்று, விளக்கம் ஆபீஸில் இல்லை, கேட் ரூமில் இருக்கிறது என்றேன். மூத்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் வந்தார்.

முதலில் எண் வாரியான பிரின்ட்டைக் கொடுத்தேன். அவர் விரலால் தடவிக்கொண்டே போய் ஒன்பது பன்னிரண்டில் நிறுத்தினார். மறுபடி மேலே போனார். "இதை இன்னைக்கு மாத்தி அடிச்சிருக்கலாமே" என்றார் இளையவர். எதிர்பார்த்ததுதான். "சார், நான் எதையும் தொட மாட்டேன். நீங்களே செய்யுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சுவரில் இருந்த என் அட்டையை மூத்த அதிகாரியே சத்தமாகப் படித்தார். கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினார், கொஞ்சம் பொறுத்துப் போட்டார். நெட் வயரை வாட்ச்மேன் அண்ணன் கையில் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி கேட்டதும், கேட் பெட்டியில் போட்டிருந்த தன் கைக்கடிகாரத்தை எடுத்துவரச் சொல்லி, அதைப் பார்த்து மூன்று பத்து என்று போட்டார். அந்தப் பழைய கம்ப்யூட்டர் எழுந்திருக்க ஒரு யுகம் எடுத்துக்கொண்டது. முதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா வாசல்படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

திரை வந்தது. மூலையில் மணி இரவு எட்டு நாற்பது.

மூத்த அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வெளியே அடிக்கும் வெயிலைப் பார்த்தார். "இப்ப நெட் வயரைக் குத்துங்க சார்" என்றேன். வாட்ச்மேன் அண்ணனிடமிருந்து வாங்கி அவரே குத்தினார். மூச்சுவிடும் நேரம் ஆகியிருக்கும். எட்டு நாற்பத்தொன்று என்று இருந்தது பட்டென்று மூன்று பன்னிரண்டு ஆனது. வாட்ச்மேன் அண்ணன் சத்தமாகக் கைதட்டிவிட்டார். பிறகு அதிகாரி முன்னால் கைதட்டலாமா என்று விழித்தார்.

மூத்த அதிகாரி இன்னொரு தடவை செய்து பார்த்தார். ஐந்தரை மணி நேரம் கூடியது, நெட் வயரைக் குத்தியதும் குறைந்தது. இளையவர் தன் பங்குக்கு ஒரு தடவை செய்தார். அதற்குள் கேட் ரூம் ஜன்னலுக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது.

நான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அந்த அட்டை என் கையெழுத்து, பேட்டரி மாற்றாமல் விட்டது நான், நோட்டை நிறுத்தியது நான், இவர் நாலு தடவை சொன்னபோது கேலி செய்தவளும் நான். அத்தனை சந்தோஷமாக என் வாழ்நாளில் வேறு எந்தத் தப்பையும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

"நோட்டை ஏம்மா நிறுத்தினீங்க? நாளையிலிருந்து நோட்டும் இருக்கணும், கம்ப்யூட்டரும் இருக்கணும்" என்று மூத்த அதிகாரி என்னைக் காய்ச்சினார். பிறகு தன் குறிப்பேட்டில் காலையில் எழுதியதை அடித்துவிட்டு, கம்ப்யூட்டர் நேரம் தவறாகப் பதிவானது, சரிசெய்து அறிக்கை அனுப்பவும் என்று எழுதினார். வெளியே வந்தவர், அக்காவின் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்து, "நீங்க போய்ச் சாப்பிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜன்னலோரம் நின்ற பெண்கள் போட்ட கூச்சல் ரோடு வரை கேட்டிருக்கும்.

முதலாளி அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார். நான் கையை நீட்டினேன். கொடுத்துவிட்டார். அக்காவின் கண்ணெதிரே சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். என் அட்டையையும் சுவரிலிருந்து பிய்த்து அதனோடு சேர்த்துக் கிழித்தேன்.

அன்று சாயங்காலமே சாத்தூர் பஜாரில் வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போய்ப் பொத்தான் பேட்டரி ஒன்று வாங்கினேன். மறுநாள் காலையில் முதல் வேனில், அக்காவோடு உட்கார்ந்து கம்பெனிக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தும், அந்த நேரத்தில் நான் கம்பெனியைப் பார்த்ததே இல்லை. ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. நெட் இல்லை. வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. அந்த அக்கா மூன்று வாரமாக எந்த நிலைமையில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாரோ, அதே நிலைமையில் நான் உட்கார்ந்தேன்.

பேட்டரியை மாற்றினேன். போர்டுக் கடிகாரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துப் பொது நேரத்தைப் போட்டேன். நேர மண்டலத்தை அக்காவுக்குக் காட்டினேன். கொல்கத்தா என்று இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தார்.

"நம்ம ஊரு மணிக்கு அம்புட்டுத் தூரம் போயா கேக்கணும்? சிவகாசின்னு போட முடியாதாக்கும்?"

"இந்தியா முழுக்க அந்தப் பேருலதான்க்கா இருக்கும். பேரு அங்க, மணி நம்மளுது" என்றேன். மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லி, மறுபடி ஏற்றச் சொல்லி, ஆன் செய்தேன். இந்தத் தடவை மணி கேட்கவில்லை. லினக்ஸ் எழுந்தது. மூலையில் காலை ஆறு ஒன்பது. சுவரிலும் ஆறு ஒன்பது. நெட் இல்லாமலே சரி. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முதல் சீட்டைப் பதிந்தார். ஆறு பத்து என்று ஏறியது. புது நோட்டை எடுத்து அதிலும் ஆறு பத்து என்று எழுதினார்.

எழுந்து குடோன் சாவியை எடுத்துக்கொண்டு போனவர் வாசலில் நின்று திரும்பினார். முகத்தில் ஒரு குறும்பு.

"டீச்சர், ஞாயித்துக்கெளம சும்மாதான இருக்கீக? சாத்தூர் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துருங்களேன். வேணும்னா நானும் தொணைக்கு வாரேன்."

வாட்ச்மேன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அன்றிலிருந்து, ஏதோ ஒன்று தப்பாக இருக்கிறது என்று யார் வந்து சொன்னாலும், எனக்கு வசதியான நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்வதில்லை. அவர்கள் எத்தனை மணிக்குப் பார்த்தார்களோ அத்தனை மணிக்கே போய், அவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்க்கிறேன்.